இரண்டு நிமிட வருகைப்பதிவு

ஜூலை 8, திங்கள்

இனி ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் மாணவர்கள் இரண்டு நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டுமாம். கல்லூரி முதல்வரின் புது உத்தரவு. பிள்ளைகள் தேர்வு பயத்தில் துவண்டு போகிறார்கள் என்கிறார். மூச்சு விட நேரமில்லாமல் ஓடுகிற என் தலையில் இதையும் கட்டியாயிற்று. புள்ளியியல் பாடத்தை யார் முடிப்பது, அவரா?

ஜூலை 10

வழி கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் கண்ணை மூடியதும் நான் வருகைப்பதிவை முடித்துவிடுகிறேன். பெயர் கூப்பிட வேண்டாம், தலையைப் பார்த்தே டிக் போடலாம். என் சாமர்த்தியம் யாருக்கு வரும்.

ஜூலை 14, ஞாயிறு

மகள் இன்றும் பேசவில்லை. வேறு ஊருக்கு வேலைக்குப் போய் நாலு மாதம். வாரம் ஒரு மெசேஜ், அதுவும் அவள் அப்பாவுக்கு. அவள் அறையில் போய் உட்கார்ந்திருந்தேன். ஏங்கி ஏங்கி என்ன ஆகப்போகிறது.

ஜூலை 18

நான் மறந்தாலும் பிள்ளைகள் விடுவதில்லை. "மேடம், இன்னிக்கு மூச்சு இல்லையா?"

இருக்கு, இருக்கு என்றேன்.

ஜூலை 23

வகுப்பு முடிந்ததும் முதல் வரிசைக் கண்ணாடிக்காரி வந்து நின்றாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க மட்டும் கண்ணை மூடறதே இல்ல. பேனா ஓடற சத்தம் கேக்குது. நாங்க உங்களுக்கு வெறும் டிக்குதானான்னு தோணுது."

வெடுக்கென்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வேலைக்குக் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கும்போது மகள் கேட்டதும் இதுதானே — "நான் பேசறப்ப ஒரு தடவையாவது பேனாவைக் கீழ வச்சிருக்கியாம்மா?" அன்றும் என் கையில் விடைத்தாள். திருத்திக்கொண்டேதான் "சாப்பிட்டுப் போ" என்றேன்.

ஜூலை 24

இன்று நானும் மூடினேன். உடனே கண்ணுக்குள் மகள்தான். வாசல்ல செருப்பு மாட்டறா, நான் நிமிர்ந்துகூடப் பாக்கல. பாத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் எனக்கு?

கண்ணைத் திறந்தபோது எட்டு நிமிடம் ஆகியிருந்தது. அறுபது பேரும் சத்தம் காட்டாமல் காத்திருந்தார்கள். கண்ணாடிக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "நேத்து கோவமா பேசிட்டேம்மா" என்றேன். வருகைப்பதிவு எடுக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

மகளை நானே போனில் கூப்பிட்டேன். எடுத்துவிட்டாள்.

"என்ன திருத்திட்டிருக்கே?"

"ஒண்ணுமில்லடி. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மாவா? நீயா?"

பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்டது. எப்போதும்போல 'சாப்பிட்டியா' என்று இடையில் நுழைக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரமோ.

"இங்க ஒரு விஷயம் நடந்துச்சும்மா" என்று ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாளைக்குள் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுக்க வேண்டும். கட்டைப் பிரிக்கவே இல்லை. ஒன்பது மணிக்குக் கூப்பிட்ட மகள் பத்தரைக்குத்தான் போனை வைத்தாள்.