ஸ்க்ரூ மேல் நெயில் பாலிஷ்

ஜூன் 9, செவ்வாய், காலை ஏழரை மணி. கட்டட வடிவமைப்பாளரான மனைவி, ஃப்ரிட்ஜ் கதவில் கணவருக்கு ஒரு சீட்டை ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

"என்னங்க, முட்டை அவிச்சு மூடி வெச்சிருக்கேன். உங்க தம்பி பத்து மணிக்கு வந்தா உக்காரச் சொல்லுங்க. என் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் விடாதீங்க.

பழைய கிராபிக்ஸ் கார்டு எட்டு ஜிபி. நான் வரைஞ்ச வீட்டுப் படத்தைத் திரையில சுத்திக் காட்டினா நொடிக்கு நாப்பது பிரேம் ஓடும். தம்பி சனிக்கிழமை மாட்டின புதுசு பதினாறு ஜிபி. அன்னிக்குத் தொண்ணூறு ஓடிச்சு. நேத்து வெறும் ஒன்பது! ஞாயித்துக்கிழமை நான் அம்மா வீட்டுல இருந்தப்ப வந்துட்டுப் போனாராமே? புதுசைக் கழட்டித் தன் கேம் ஆடுற கம்ப்யூட்டர்ல போட்டுக்கிட்டு, இதுல எதையோ சொருகி வெச்சிருக்கார். 'என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல'ன்னு ஆரம்பிக்காதீங்க.

என் கம்ப்யூட்டர் பெட்டி ஸ்க்ரூ மேல சிவப்பு நெயில் பாலிஷ் வெச்சிருக்கேன். திறந்தா தெரிஞ்சுடும். சாயங்காலம் அவர் முன்னாடியே நான் திறப்பேன்.

பி.கு.: ஞாயித்துக்கிழமை மேசையைத் துடைச்சதுக்குத் தேங்க்ஸ். பின்னாடி ஒரு தூசி இல்ல."

கணவர் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். துடைப்பதற்காகக் கழற்றிய மானிட்டர் கேபிளை, புதுக் கார்டின் துளையில் செருகாமல், கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருந்த துளையில் செருகியிருந்தார். கார்டு இரண்டு நாளாகச் சும்மா கிடந்திருக்கிறது. மாற்றிச் செருகினார். வீட்டுப் படத்தைச் சுற்றிப் பார்த்தார்; தொண்ணூறு ஓடியது.

சீட்டின் அடியில் எழுதினார்: "கேபிளை மாத்திச் சொருகின திருடன் நான்தான்."

பத்து மணிக்குத் தம்பி வந்தபோது சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இல்லை, கணவரின் சட்டைப் பையில் இருந்தது.