நான் லீட் வாசிக்க மாட்டேன், அண்ணி

என் பிரியத்துக்கும் சண்டைக்கும் உரிய ரீட்டா அண்ணிக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "என் பாகத்த இனிமே நீயே வாசி பிலோ. வேற யாருக்கும் குடுத்துறாத" என்றீர்கள். நானும் அழுதுகொண்டே தலையை ஆட்டினேன். அண்ணி, அதை நான் செய்யப் போவதில்லை. திட்டுவதாக இருந்தால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

மஸ்கெலியாப் பக்கம் கல்யாணம், சடங்கு, மாதா கோயில் திருநாள் என்று எது நடந்தாலும் நம் நாலு பேரைத் தெரியாதவர்கள் குறைவு. அண்ணன் சகாயம் கீபோர்ட், ரவி டிரம்ஸ், நீங்கள் லீட் கிட்டார், நான் ரிதம். லீட் என்பது ஒற்றை ஒற்றைச் சுரமாகப் பாடுகிற கிட்டார் என்றும், ரிதம் என்பது கம்பிகளைச் சேர்த்து அடித்துப் பாட்டை நடக்க வைக்கிற கிட்டார் என்றும், இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நீங்களாக இருந்தால் இன்னும் சுருக்கமாகச் சொல்வீர்கள்: "நான் பேசுவேன், பிலோ 'ம்' கொட்டுவா."

பட்டிப்பொலயிலிருந்து நீங்கள் மருமகளாக வந்த அன்று, சூட்கேசுக்கு முன்னால் கிட்டார்தான் வேனிலிருந்து இறங்கியது. தோட்டத்து லயத்தில் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பொண்ணு சோறாக்குமா, கச்சேரி வைக்குமா?" என்று யாரோ கேட்டார்கள். ரெண்டுந்தான் என்று வாசலில் நின்றே பதில் சொன்னீர்கள். எனக்கு அப்போதே உங்களைப் பிடித்துவிட்டது. சோறு விஷயத்தில் நீங்கள் சொன்னது பொய் என்பது வேறு கதை.

நமக்கு இருந்தது ஒரே ஒரு ஆம்ப். இரண்டு கிட்டாரையும் அதில்தான் சொருகுவோம், சத்தம் கூட்டுகிற குமிழும் ஒன்றுதான். நீங்கள் கூட்டினால் என் சத்தமும் சேர்ந்து கூடிவிடும். அதனால் உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அமுக்கி அடிக்கப் பழகினேன். என் வாசிப்பு என்று இன்றைக்கு ஒன்று இருக்கிறதென்றால், அதில் பாதி உங்களுக்கு வழிவிட்டதில் வந்தது. அதை நீங்கள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "ரிதத்த தூங்கிக்கிட்டே வாசிக்கலாம் புள்ள" என்பீர்கள். "அப்ப ஒரு நாளைக்கு வாசிச்சுத்தான் பாருங்களேன்" என்றேன். வாசித்தீர்கள். பாட்டு பாதியிலேயே தலைதெறிக்க ஓடியது. ரவி குச்சியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

நீங்கள் முகத்தைப் பார்த்து வாசிக்கிறவர். கூட்டத்தில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு, அது மலரும்வரை கம்பியை இழுத்து இழுத்துக் கொஞ்சுவீர்கள். நான் குனிந்து கால்களைப் பார்ப்பேன். ஆடுகிற கால், ஆடத் தயங்குகிற கால், புதுச் செருப்பு கடிக்கிற கால். "என்னா புள்ள, யாரு செருப்பு களவு போகுதுன்னு பாக்குறியா?" என்று மைக்கிலேயே கேட்டு என் மானத்தை வாங்கினீர்களே, நினைவிருக்கிறதா?

நீங்கள் போன பிறகு, சத்தியமாக முயன்றேன். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை முடிந்து வந்ததும், அடுப்படியில் உட்கார்ந்து உங்கள் பாகத்தைப் பழகினேன். மணப்பெண் மேடைக்கு வரும்போது வாசிக்க என்று நீங்களே உண்டாக்கிய மெட்டைத்தான் முதலில் எடுத்தேன். விரல் சுரங்களைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் நடுவில் கம்பியை மேலே தள்ளி, வருமா வராதா என்று எல்லோரையும் ஏங்க வைப்பீர்களே, அந்த இடத்தில் என் சுரம் யாரையும் ஏங்க வைக்காமல் உடனே வந்து நின்றுவிட்டது. உடனே வந்ததுதான் தப்பு. ஒரு நாள் அண்ணன் வாசலில் நின்று கேட்டார். அவர் முகத்தில் முதலில் ஓர் ஆசை வந்தது, அப்புறம் அது போய்விட்டது. "அப்புடியேதான் இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் உங்கள் மெட்டைக் கீபோர்டில், கிட்டார் சத்தம் தருகிற பொத்தானை அழுத்தி வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ உங்கள் குரலை மிமிக்ரி செய்வது போல இருந்தது. அப்படியே சொல்லியும் விட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப நீ வாசி. இல்லாட்டி ஹட்டன்ல லீட் வாசிக்கிற ஆளு இருக்கு, கூட்டிட்டு வாரேன்."

"கூட்டிட்டு வாங்க. நான் ரிதந்தான் வாசிப்பேன்."

"ரிதம் எதுக்கு? இதுலயே எல்லாம் இருக்கு பாரு." இன்னொரு பொத்தானை அழுத்தினார். பேஸும் ரிதம் கிட்டாரும் சேர்ந்து தானாக ஓடின. "நீ லீட் வாசிக்கிறதுன்னா இரு பிலோ. ரிதத்துக்குன்னு ஒரு ஆளு இனிமே தேவையில்ல."

அவர் என்னைத் துரத்தவில்லை, உங்களைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணி, இத்தனை வருஷம் அடித்த கைக்கு ஒரு பொத்தான் ஈடு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அடுத்த கல்யாணத்தை வாசித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன்.

அந்தக் கல்யாணம் மஸ்கெலியா டவுனில், ஒரு மாடி மண்டபத்தில். பெண்ணின் அப்பா மாரிமுத்து ஐயா பக்கவாதம் வந்து இடது காலை இழுத்து நடக்கிறவர். நாற்காலியில் உட்காரச் சொல்லி எல்லோரும் கெஞ்சிப் பார்த்தார்கள். "எம் புள்ளய நாந்தான் மேடைக்குக் கூட்டிட்டுப் போவேன். நீங்க யாரு சொல்றதுக்கு?" என்று எரிந்து விழுந்தார்.

அண்ணன் ரிதம் தானாக ஓடுகிற அந்தப் பொத்தானை அழுத்தினார். பாட்டு முன்னால் போனது, ஐயா பின்னால் நின்றார். தாளத்தைப் பிடிக்க அவர் அவசரப்பட்டார். அப்பாவோடு நடப்பதா, பாட்டோடு நடப்பதா என்று பெண்ணுக்குத் தெரியவில்லை. கம்பளத்தில் ஐயாவின் கால் சிக்கி, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண் தாங்கிப் பிடித்தாள். கூட்டத்தில் 'ஐயோ' என்று சத்தம் கேட்டது. கீபோர்டுக்கு என்ன கவலை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நிப்பாட்டுங்க!" மேடையிலேயே கத்திவிட்டேன்.

அண்ணன் என்னை முறைத்தார். பிறகு நான் பார்க்கிற இடத்தைப் பார்த்தார். நிறுத்தினார்.

நான் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினேன். ஐயாவின் நல்ல கால் கம்பளத்தில் பட்டதும் கம்பிகளில் ஓர் அடி. இழுத்து வருகிற கால் வந்து சேரும்வரை கம்பியை அமுக்கிக் காத்திருந்தேன். சேர்ந்ததும் இன்னோர் அடி. எந்தத் தாளத்திலும் சேராத நடை அது. ரவி என்னைப் பார்த்துப் பார்த்து மெதுவாகச் சேர்ந்துகொண்டான். அவசரம் போனதும் ஐயா நிமிர்ந்தார். பாதி வழியில் மகளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

அவர்கள் மேடையில் ஏறும்போது உங்கள் மெட்டு வர வேண்டிய இடம் வந்தது. அண்ணனின் விரல் கிட்டார் பொத்தானுக்குப் போய், அழுத்தாமல் திரும்பிவிட்டது. அந்த இடத்தை நான் கம்பிகளை அமுக்காமல், முழுக்கத் திறந்து, அடித்தே கடந்தேன். நீங்கள் இல்லை என்பது அப்போது எனக்கு நன்றாகக் கேட்டது, அண்ணி. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் கை நிற்கவில்லை.

வேனில் வரும்போது அண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

"அந்த ஐயா விழுந்திருப்பாரு, இல்ல?" என்றார்.

"விழுந்திருப்பாரு."

"நான் பாக்கவே இல்ல பிலோ."

"நீங்க அண்ணியத்தான் தேடிக்கிட்டு இருந்தீங்க. அவங்க இல்லண்ணே."

சொல்லிவிட்டு எனக்கே பயமாகிவிட்டது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நான் தடுக்கவில்லை, தோளில் கையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், அலமாரி மேல் வைத்திருந்த உங்கள் கிட்டாரை அவரே இறக்கிக் கட்டிலில் வைத்தார். "தூசிதான் புடிக்குது. ஒனக்கு எப்புடி வாசிக்கணுமோ அப்புடி வாசி" என்றார். அதில் இருந்தவை இழுத்து வளைப்பதற்காக நீங்கள் போட்டிருந்த மெல்லிய கம்பிகள். என் அடியை அவை தாங்காது. ஹட்டனுக்குப் போய்த் தடித்த கம்பி வாங்கி வந்தேன்.

ஆமாம் அண்ணி, உங்கள் கம்பிகளைக் கழற்றிவிட்டேன். அண்ணன் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். கடைசிக் கம்பி கையோடு வந்தபோது, "அவ பாத்தான்னா நம்ம ரெண்டு பேரையும் கொன்னுருவா" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றிப் பேசிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இன்னும் கோபமா? ஹட்டன் ஆள் வந்தால் வரட்டும், தன் மெட்டைத் தானே உண்டாக்கி வாசிக்கட்டும். உங்களைப் போல வாசிக்க யாரையும் விட மாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். உங்களை அவ்வளவு பிடிக்கும் எனக்கு.

அடுத்த கல்யாணம் நல்லதண்ணிப் பக்கம். அங்கே பெண்ணோடு யார் நடந்து வருவார்கள், அவர்கள் கால் எப்படி என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும், அவர்கள் வந்து சேருவதற்கு முன் பாட்டைப் போக விட மாட்டேன். இது உங்கள் கிட்டார் மேல் சத்தியம்.

உங்கள் கம்பிகளைக் கழற்றிய நாத்தனார்,
பிலோமினா
மஸ்கெலியா