அப்பாவிடம் மிஞ்சிய ரைட்

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறோம், இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பொய். இது அப்பாவின் கடிதம், கையெழுத்து மட்டும் என்னுடையது.

முதலில் அவருடைய இடது கையைத்தான் கவனித்தேன். பால் ஊட்டும்போது கட்டில் கம்பியில் விரலால் ஒரு தட்டு தட்டினார். கண்டக்டராக இருந்தபோது கூட்ட நெரிசலில் விசிலை எடுக்க முடியாவிட்டால் பஸ் தகரத்தில் இப்படித்தான் தட்டுவார், ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் மிஞ்சியிருப்பது கிளம்பச் சொல்லும் ரைட் என்ற ஒரே சொல், வண்டியை நிறுத்தச் சொல்லும் ஹோல்டான் எங்கோ போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ரைட், வலித்தாலும் ரைட், போதுமென்றாலும் அதுதான். போதும் என்றவருக்கு நான் இன்னும் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாவைத் திட்டுகிற ரைட் மட்டும் அம்மாவுக்கு உடனே புரிந்துவிடுகிறது. வீட்டுல ஒரு ஊமைக்கோட்டான் பத்தாதுன்னு நீங்களும் சேந்துக்கிட்டீங்களா, வண்டியே அதிர்ற மாதிரி கத்துன மனுஷன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஊமைக்கோட்டான் யாரென்று உனக்குத் தெரியும், அதிகம் பேசாத நான்தான்.

தேறிவிடுவார் என்று டாக்டர் இப்போது சொல்வதில்லை. அம்மா கேட்டதற்குப் பாப்போம்மா என்றார், எங்களைப் பார்க்காமலே. இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்பதை வெளியே வந்து நர்ஸ் அக்காதான் சொன்னார். கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரும் இப்போது வருவதில்லை.

டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு, இதை நான் ஒவ்வொரு வரியாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இரண்டு தட்டினால் வைத்துக்கொள்கிறேன், ஒன்று தட்டினால் அந்த வரியை அடித்துவிடுகிறேன். வெயிலில் நிற்கும்போது தலையை மூடிக்கொள், இரண்டு. அறையில் இருப்பவர்களோடு சண்டை வைத்துக்கொள்ளாதே, இரண்டு. அம்மா தைரியமாக இருக்கிறாள் என்று எழுதினேன், ஒன்று, கூடவே ஒரு ரைட், அது சிரிப்பு.

ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்று எழுதியது நான். ஒப்பந்தம் முடியாமல் கிளம்பினால் மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று நீ சொன்னது அவருக்கு மறக்கவில்லை. வாசித்தேன், ஒன்று தட்டினார். காதில் விழவில்லையோ என்று குனிந்து மறுபடி வாசித்தேன், ஒன்றுதான். கை நடுங்குதுடி அவருக்கு, அது கணக்குல சேராது, இன்னொரு தரம் படி என்றாள் அம்மா. படித்தேன். ரைட் என்றார், கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது, கம்பியில் ஒரே தட்டு.

நீ எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு இருக்க அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறார்கள். வேளைக்குச் சாப்பிடு, முதுகு வலிக்கு மருந்து போட மறக்காதே.

இப்படிக்கு,
அப்பா
(எழுதியது தங்கை)

வந்து பார்த்துவிட்டுப் போ என்ற அந்த வரி பின்பக்கம் இருக்கிறது. பென்சிலால் மெல்லிய ஒரு கோடு மட்டும் போட்டு அடித்தேன்.