பசித்த உண்ணி

அக்கா,

ஸ்டேப்ளர் பின் தேடி மேசை இழுப்பறையைத் துழாவியபோது உங்கள் குப்பி கையில் பட்டது. வாயில் வெள்ளைத் துணி, அதைச் சுற்றி ரப்பர் பேண்டு, அடியில் காய்ந்துபோன பஞ்சு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு நாய் உண்ணி நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. அது மட்டும் ஒரு சொட்டு ரத்தமில்லாமல், முன்னங்காலைத் தூக்கி என் மூச்சை மோப்பம் பிடிக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபம் அதன்மேல் இல்லை. நேற்று நம் துறைத் தலைவர் சார் மேடை ஏறினார். நாய்க்கும் மனுஷனுக்கும் காய்ச்சலைக் கொண்டுவரும் இந்த உண்ணியின் மரபணு வரிசை முழுவதையும் படித்துவிட்டோம் என்று அறிவித்தார். “பசித்த உண்ணியிலிருந்துதான் டி.என்.ஏ. எடுக்கணும்கிறது என் ஐடியா” என்றார். என்ன துணிச்சல்! சால்வை போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வெட்கக்கேட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீங்கள் எங்கள் ஆய்வகத்தின் ஒப்பந்த உதவியாளர். குடுவை கழுவுவது, டீ கொண்டுவருவது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உண்ணி பிடிப்பது, எல்லாம் நீங்கள்தான். நாய்க்குட்டி விற்பவர்கள் எங்களைக் கண்டால் விரட்டுவார்கள். உங்களைக் கண்டால் குட்டியின் காதை அவர்களே விரித்துக் காட்டுவார்கள். குப்பிகளைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்குவீர்கள். “பக்கத்துல குந்திகினு வந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா செயின இழுத்திருக்கும்” என்று சிரிப்பீர்கள்.

அந்த முதல் கூட்டம் நினைவிருக்கிறதா? கொண்டைக்கடலை அளவுக்கு உப்பிய உண்ணியாகக் கொண்டுவா, அதில்தான் நிறைய டி.என்.ஏ. கிடைக்கும் என்றார் சார். டீத் தட்டோடு நின்ற நீங்கள் கேட்டீர்கள்: “இன்னா சார், அது வவுத்துல கீறது நாயோட ரத்தமாச்சே? நீங்க உண்ணியப் படிக்கிறீங்களா, நாயப் படிக்கிறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். “அக்கா, டீயை வெச்சிட்டுப் போங்க” என்று சொன்னது நான். ஆமாம், நானேதான்.

மாதக்கணக்கில் காத்திருந்து முடிவு வந்தது. பாதிக்குமேல் நாய். பல்லாவரத்து நாயின் மரபணுவை அவ்வளவு கவனமாகப் படித்துவைத்திருந்தோம். சார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் நீங்கள் அலமாரிக்குப் பின்னாலிருந்து வரிசையாகக் குப்பிகளை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். ரத்தம் குடித்த இளம் உண்ணிகளைப் பிடித்து, பஞ்சை நனைத்து, குடித்த ரத்தம் செரிக்கும்வரை வாரக்கணக்கில் வைத்துக் காத்திருந்திருக்கிறீர்கள். “தோலு உரிச்சுகினு வெளிய வந்துச்சு பாரு. இப்போ வவுறு காலி. பசியோட கீறதத்தான் நம்பணும் மேடம்.” எங்களை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அந்த உண்ணிகளில்தான் எல்லாம் ஒழுங்காக வந்தது.

அப்புறம் ஒருநாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. இரங்கல் கூட்டம் கிடையாது, ஒப்பந்த ஆள் இல்லையா? ஆனால் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டு உங்கள் மகளிடம் மறக்காமல் ஆள் அனுப்பினார்கள். தூ!

இன்று அந்த வரிசையை உலகம் முழுவதும் பார்க்கிற பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். படிவத்தை நிரப்பும் வேலை என்னுடையது. அதில் ஒரு கட்டம்: ‘மாதிரியைச் சேகரித்தவர்’. சார் தன் பெயரைப் போடச் சொல்லியிருந்தார். வாழ்நாளில் ஒரு நாய்க்குட்டியைத் தொட்டவரா அவர்? உங்கள் பெயரை எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. அக்கா, அக்கா என்றே மூன்று வருடம் கூப்பிட்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் பார்த்தேன், நீங்கள் அதிலேயே இல்லை. உங்கள் மகளுக்குப் போன் செய்து பெயரைக் கேட்டேன். “எங்கம்மா பேரா? எதுக்கு மேடம்?” என்றாள். சொன்னேன். அப்புறம் தாத்தா பெயரின் முதல் எழுத்தோடு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

தட்டச்சு செய்து முடிக்கும்போது சார் பின்னால் வந்து நின்றார். திரையைக் குனிந்து பார்த்தார்.

“யாரும்மா இது? நம்ம ஸ்டூடண்டா?”

தினமும் இரண்டு வேளை உங்கள் கையால் டீ வாங்கிக் குடித்த மனுஷன்.

“பசித்த உண்ணி ஐடியா இவங்களோடது சார்” என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டேன். இனி அவர் திருத்தச் சொல்லி மிரட்டட்டும், வேலையை விட்டு அனுப்பட்டும். நான் திருத்தப்போவதில்லை.

குப்பி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. “ரெண்டே சொட்டு தண்ணி, ஊத்திடாத” என்பீர்களே. பஞ்சை நனைத்துவிட்டேன் அக்கா. இரண்டே சொட்டு.