நீ அடித்த ஆணி

அக்கா,

காலையிலிருந்து கையில் பழைய பேப்பரும் ஒரு கிண்ணம் தண்ணீருமாகக் கூடத்துச் சுவரில் பள்ளி முடித்த பிள்ளைகளின் படங்களைத் துடைப்பதும், உட்கார்ந்து எழுதுவதுமாக இருக்கிறேன். ஈரப் பேப்பரால் கண்ணாடியைத் துடைத்தால் மை வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் நீ பின்னால் நின்று "ஓரத்தத் தொடைடி, ஓரத்த" என்று அதட்டுவது போலவே இருக்கிறது. ஓரத்தையும் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறேன், கேட்டுக்கொள்.

முதல் படம் என் மூத்தவன். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் பிரிவுக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. இந்தக் கடைசியில் என் மகள். ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள், துணைத் தலைமையாசிரியை ஆகிவிட்டாள். கீழ் வரிசையில் மூத்தவனின் மகன், டுரியான் துங்கால் பக்கம் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியர் படிப்பில் கடைசி வருஷம். அவன் தங்கை தாதிப் பயிற்சி முடித்து வேலைக்குப் போகிறாள், முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிறகு உன் பேத்தி துர்கா. நேற்றுத்தான் ஐந்தாம் படிவம் முடிக்கிற எஸ்பிஎம் பரீட்சை முடிவு வந்தது. தமிழில் ஏ, கணக்கில் ஏ, மற்றதெல்லாம் நீ திட்டாத அளவுக்கு. ஆறாம் படிவத்துக்குப் போகிறாள்.

எல்லாரையும் சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைக்காதே. மேல் வரிசையில் நடு ஆணியை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். இந்த மடலே அதற்காகத்தான்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். வந்த புதிதில் உன்னை 'நீங்க' என்றேன். "ஏண்டி, நான் என்ன தோட்டத்துத் தொரையா? நீன்னு கூப்புடு" என்றாய். அன்றிலிருந்து நீதான். நீ பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அந்த ஐந்தையே நீ பெரிய படிப்பாக ஊரெல்லாம் சொல்லி வைத்தாய். தோட்ட ஆபீசிலிருந்து எந்தத் தாள் வந்தாலும், "எங்க வீட்டுல படிச்ச ஆளு இருக்கு, குடு" என்று வாங்கிவந்து என்னிடம் நீட்டுவாய். தாள் மலாயில் இருக்கும். எனக்கு ஒரு வரி புரியாது. அதை வெளியில் சொல்லக்கூடாது என்பது நமக்குள் இருந்த ஒப்பந்தம்.

தோட்டத்தை விட்டுச் செலண்டாரில் இந்த வீட்டுக்குக் குடி வந்த பிறகுதான் என் மூத்தவன் ஐந்தாம் படிவம் முடித்தான். அப்போதெல்லாம் மேலங்கி போட்டு, தொப்பி வைத்து, பள்ளியில் விழா நடத்தும் வழக்கம் ஏது? கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, பசிக்கிறது என்று வீட்டுக்கு வருவார்கள், அவ்வளவுதான். நீ அவனை வீட்டுக்கு வரவிடவில்லை. பரீட்சை மண்டபத்து வாசலிலேயே பிடித்து, வேர்வையும் விரலில் மையுமாக, ஜாசினுக்குப் பஸ் ஏற்றிப் படக்கடைக்குக் கொண்டுபோனாய். நானும் பின்னாலேயே ஓடிவந்தேன். "சட்டையாவது மாத்தட்டும் அக்கா" என்றேன். "மாத்துனா ஆச்சா? இந்தச் சட்டையில நிக்கிறதுக்குத்தான இத்தன வருசம் பாடுபட்டோம். இன்னியோட கழட்டுறான். கழட்டுறதுக்கு முந்தி எடுக்கணும்" என்றாய்.

படக்கடைச் சீனர் உன்னையும் பையன் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். நீ புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரைக்கு வெளியே நகர்ந்தாய். "என் மகன் இந்தக் கடைக்கு வருவான்ல, அன்னிக்கு நிக்கிறேன்" என்றாய். அப்படியும் படத்தின் ஓரத்தில் உன் முழங்கை விழுந்துவிட்டது. இப்போது துடைக்கும்போதும் அந்த முழங்கையைத்தான் முதலில் துடைத்தேன்.

அந்தப் படத்தை மாட்டிய அன்றைக்கே மூன்று ஆணி அடித்தாய். மூத்தவனுக்கு ஒன்று, உன் மகன் சேகருக்கு நடுவில் ஒன்று, என் மகளுக்கு ஒன்று. சேகர் அப்போது மூன்றாம் படிவம். தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் மலாயோடு மல்லுக்கட்டி மேலே ஏறி வந்த பிள்ளை. அந்த வருஷக் கடைசியில் அவன் அப்பா, பெரியத்தான், படுத்த படுக்கையானார். யாரும் அவனை வேலைக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் விடியலில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் ஏறிப் போய்விட்டான். சாயந்திரம் வந்தவனின் கையெல்லாம் முள் கீறல். நீ மஞ்சள் அரைத்துப் போட்டாய். பள்ளிக்கூடம் அதோடு நின்றது.

ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. வீட்டுக்குச் சாயம் பூச வந்தவன், துருப்பிடித்த ஆணி எதற்கு என்று குறடு எடுத்தபோது நீ போட்ட சத்தம் பக்கத்து வரிசை வீடுவரைக்கும் கேட்டது. "ஒன் வேல பெயிண்ட் அடிக்கிறது. அடி. ஆணி மேலயும் சேத்து அடி." அப்படித்தான் அந்த ஆணி முதலில் பச்சை, பிறகு மஞ்சள், இப்போது வெள்ளை. சேகர் சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். எனக்குப் பொறுக்காமல் ஒரு நாள் கேட்டேன். "பாவம் அக்கா, பிள்ள மனசு நோவுது. எடுத்துருவமே."

"நொந்தா நோவட்டும்" என்றாய். "புடுங்கிட்டா நான் அவன விட்டுட்டேன்னு ஆயிரும்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீயும் அன்று கடையில் சொன்ன சொல்லிலிருந்து இறங்கவில்லை. கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவன் வந்தால் உனக்கு அடுப்படியில் வேலை இருக்கும். உன் பேத்தியின் காதுகுத்தில்கூட முதுகுதான் கிடைத்தது. நீ போன அன்று மாலை போட ஒரு படம் தேடி வீட்டைப் புரட்டி, கடைசியில் ஐசி அடையாள அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கினோம். யாரையோ திட்டி முடித்து மூச்சு வாங்குகிற முகம். எதிர்ச் சுவரில் இருந்து அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சேகரின் மகள் துர்கா நான்காம் படிவத்தில் இருந்தாள். ஒரு நாள் பையை மூலையில் எறிந்துவிட்டு, "நான் ஸ்கூலுக்குப் போவல. மலாக்கா டவுன்ல கடைக்கு ஆள் கேக்குறாங்க. அப்பாவுந்தான் முடிக்கல, சோறு கெடைக்காமலா போச்சு?" என்றாள். அவள் அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். சேகர் குருபோங் தொழிற்சாலைக்குக் கிளம்ப ஹெல்மெட்டை எடுத்தவன், அப்படியே நின்றான்.

"நான் முடிச்சா நீ முடிப்பியா?"

"நீங்களா? எஸ்பிஎம்மா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"முடிப்பேன்."

"பேச்சு மாறக்கூடாது. சின்னம்மா சாட்சி" என்று என்னைக் காட்டினான்.

ஏதோ கோபத்தில் சொல்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன். மறு வாரமே விசாரித்து, பள்ளிக்குப் போகாமல் தனியாக எழுதுகிறவர்களோடு பெயர் கொடுத்துவிட்டு வந்தான். அதன் பிறகு இந்த வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பனும் மகளும் ஒரே மேசையில், ஒரே புத்தகத்துக்குச் சண்டை. கணக்கு அவனுக்கு எப்படியோ வந்துவிட்டது. சரித்திரம்தான் ஏறவில்லை. பரமேஸ்வரா, மரத்தடி, நாயை உதைத்த சருகுமான், இதெல்லாம் நாம் குடியிருக்கிற மலாக்கா உண்டான கதை. ஆண்டுக்கணக்கைக் குழப்பிக்கொண்டு வந்து ஒப்பிப்பான். "அப்பா, மலாக்காவுல இருந்துக்கிட்டு மலாக்கா சரித்திரத்துல விழுந்தா, நான் வெளிய தல காட்ட முடியாதுலா" என்பாள் மகள். தமிழ்க் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்து வாசிப்பான். ஐந்தாம் வகுப்புக்காரி நான் என்ன திருத்த? "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் நீட்டு" என்பேன். உன்னிடம் மலாய்த் தாள் வாசித்த அதே தைரியம்தான்.

அவனுடைய கடைசிப் பரீட்சை அன்று மத்தியான வேலை. பரீட்சை முடிந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போவதற்காக, நெஞ்சுப் பையில் பெயர் தைத்த நீல வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டே எழுதப் போயிருந்தான். துர்கா என்னையும் கூட்டிக்கொண்டு போய் மண்டப வாசலில் நின்றாள். வெளியே வந்தவனின் கையைப் பிடித்து வாடகைக் காரில் ஏற்றினாள்.

"எங்க?"

"ஜாசின்."

"அடச்சீ. அம்பதப் புடிக்கப் போறேன். என்ன கூத்து இது? சீருடையும் இல்ல."

"போட்டிருக்கீங்களே" என்றாள்.

கடையில் இப்போது சீனரின் மகன். அவன் திரையைச் சரிசெய்கிற நேரத்தில் துர்கா தன் அப்பாவின் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். "சின்னப் பாட்டி, பாட்டி இங்கதான நின்னாங்க?" என்றாள்.

நான் தலையாட்டுவதற்குள் சேகர் சொன்னான். "அங்கதான். மொழங்கைய உள்ள விடாத."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் படம் அசைந்துபோய், இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் மாட்ட விடவில்லை அவன். முடிவு வரட்டும் என்று அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டான்.

நேற்றுக் காலையில் துர்கா பள்ளிக்குப் போய்த் தன் முடிவை வாங்கிவந்தாள். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவுடையதைக் கைப்பேசியில் தேடினாள். அவன் அடுப்படி வாசலில் நின்றான். எட்டி வந்து பார்க்கப் பயம்.

"லுலுஸ். பாஸ் ஆயிட்டீங்க" என்றாள்.

"சரித்திரம்?"

"சரித்திரமும் லுலுஸ்லா, அப்பா."

அவன் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். குளிரூட்டி பழுது பார்க்கும் படிப்பு ஒன்று இருக்கிறதாம், எஸ்பிஎம் இருந்தால் சேரலாமாம். அதற்கான விண்ணப்பத் தாளை எப்போதோ வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருந்திருக்கிறான். பள்ளி முடிந்து பிள்ளைகள் அடுத்து என்ன என்று நிற்பார்களே, அதே முகம். பாதி நரைத்த மீசையோடு.

அக்கா, படத்தை இன்று மாட்டிவிட்டேன். புது ஆணி அடித்துத் தருகிறேன் என்றான் சேகர். நான் விடவில்லை. மூன்று சாயம் ஏறிய அந்த ஆணியே தாங்குகிறது, அசையவில்லை. மத்தியானம் சாப்பிட வந்தவன் தட்டைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். இன்னொரு கரண்டி சோறு கேட்டான். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஊரில் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்லப்போகிறேன். நீ என் ஐந்தாம் வகுப்பைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாயே, அந்தக் குணத்தை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

ஒரு காரியம் மட்டும் பாக்கி. எதிர்ச் சுவரில் உன் முகம் இன்னும் திட்டிக்கொண்டே இருக்கிறது. இது இனிமேல் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. உன் மகன் அந்தப் படக்கடைக்குப் போய்விட்டு வந்துவிட்டான், நீ சொன்ன சொல்லும் தீர்ந்தது. அங்கேயும் ஒரு படக்கடை இல்லாமலா இருக்கும்? உனக்குப் பிடித்த கத்தரிப்பூச் சேலையைக் கட்டிக்கொள். பையைக் கீழே வை. திரைக்கு நடுவில் வந்து நின்று, முழு உடம்பும் விழுகிற மாதிரி, சிரித்த முகமாக ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு.