மேஜருக்கு ஒரு அவித்த முட்டை

அன்புள்ள என்னங்க,

முப்பத்தெட்டு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்துக்கென்று வேறு பெயருக்கு எங்கே போவேன்? நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். ராஜபாளையத்தில் நம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டுக்கும் சேதி போய்விட்டது. உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்றுதான் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் மேஜரைப் பற்றி. கூடப் படிக்கிறவர்கள் குழம்பக்கூடாது, மேஜர் என்பது நம் வீட்டு நாய். பட்டாளத்தில் ஹவில்தாராகவே ஓய்வு பெற்ற நீங்கள், வெள்ளை வெளேரென்று ஒரு குட்டியைத் தூக்கி வந்து மேஜர் என்று பேர் வைத்தீர்கள். "இத்தனை வருஷம் மேஜர் சொன்னதை நான் கேட்டேன், இனிமே மேஜர் நான் சொல்றதைக் கேக்கட்டும்" என்றீர்கள். அவன் கேட்டதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்கும் அவனுக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் கோலம் போட்டால் அதன் மேல்தான் படுப்பான். நீங்கள் போன பிறகு, பதினாறாம் நாள் வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். யாரோ எதையோ போட்டார்கள், அவனும் தின்றான். கூட்டம் கலைந்து நானும் அவனும் மட்டும் மிஞ்சியதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். தயிர்சாதம் அப்படியே காய்ந்து கிடந்தது. பாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீங்கள் செக்யூரிட்டி வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு வாசல் கேட்டுப் பக்கம் போய் நிற்பான், திரும்பி வந்து படுத்துக்கொள்வான். வேறு வேலையே இல்லை.

நாலாம் நாள் விலா எலும்பு தெரிந்தது. ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா கேட்டார், "வழக்கமா என்னம்மா விரும்பிச் சாப்பிடுவான்?" எனக்குத் தெரியவில்லை. "அவிச்ச முட்டை குடுத்துப் பாருங்க. ரெண்டு நாள்ல திங்கலைன்னா தாங்கமாட்டான்" என்றார். முட்டை என்ற சொல்லைக் கேட்டதும் மேஜர் காதைத் தூக்கினானே பார்க்கணும். எனக்குத் திக்கென்றது. அப்படியானால் நீங்கள் எனக்குத் தெரியாமல் அவனுக்கும் பழக்கியிருக்கிறீர்கள்!

நம் இரண்டு வீடுமே சைவம்தான். பட்டாளத்துக்குப் போய் பனியில் கிடந்து முட்டைக்குப் பழகியது நீங்கள். கல்யாணமான புதிதிலேயே எல்லை பிரித்தாயிற்று. என் அடுப்படிக்குள் முட்டை வரக்கூடாது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உங்கள் அடுப்பு, அடி கறுத்த அலுமினியச் சட்டி, தனி உப்பு டப்பா. நீங்கள் அங்கே அவித்து, அங்கேயே தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவீர்கள். எப்படி அவிக்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்கமாட்டேன்.

கடையில் முட்டையை வாங்கி, அதன் மேல் முருங்கைக்கீரையைப் பரப்பி ஒளித்துக்கொண்டு வந்தேன். கையால் எப்படித் தொடுவது? நீங்கள் செக்யூரிட்டியாக இருந்த பேண்டேஜ் கம்பெனியிலிருந்து மரியாதைக்குக் கொடுத்தனுப்பிய பேண்டேஜ் துணி பீரோ நிறைய இருக்கிறதே! பத்து விரலிலும் சுற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "ஐயோ, கையெல்லாம் வெந்துபோச்சா?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். தெருவுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

முதல் முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். படாரென்று ஓடு விரிந்து சட்டியெல்லாம் வெள்ளையாகத் திரிந்துவிட்டது. இரண்டாவதை அவசரப்பட்டு உடைத்தேன், மஞ்சள் கரு துவைக்கிற கல்லில் வழிந்து ஓடியது. மூன்றாவதை வைத்துவிட்டு விளக்கேற்றப் போனேன். தண்ணீர் வற்றி டப்பென்று வெடித்து, பாதி முட்டை கொடியில் காய்ந்த என் சுங்குடிப் புடவையில் போய் உட்கார்ந்தது. நாற்பது பேருக்கு அதிரசம் சுட்டு நல்ல பேர் வாங்கியவளுக்கு இந்தக் கதி!

மகளுக்கு ஃபோன் போட்டேன். "அம்மா, பச்சைத் தண்ணியில போட்டு அப்புறம் அடுப்பைப் பத்த வை. கொஞ்சம் உப்புப் போடு. கொதி வந்து பத்து நிமிஷம். எடுத்ததும் குளிர்ந்த தண்ணியில போடு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் ஃபோனை வைத்துவிட்டாள். அவள் சொன்னபடி செய்தேன். ஓட்டைக் கல்லில் உருட்டி நொறுக்கி, தண்ணீரில் வைத்தே உரித்தேன். வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. நான் உரித்த முட்டை என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்?

தட்டில் வைத்தேன். மேஜர் எழுந்து வந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். முட்டையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி முட்டையை. வாயில் எச்சில் சொட்டுகிறது, ஆனால் தொடமாட்டேன் என்கிறான்! கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, தள்ளாடிப் போய்ப் படுத்துவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவனும் போய்விட்டால் இந்த வீட்டில் உங்களைத் தேடுகிற ஆள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் உங்கள் கூட்டாளி சேத்தூர் அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். பைக்கில் வந்து இறங்கினார். இன்னொரு முட்டை அவித்து வைத்தேன். அதே கதைதான். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"மதினி, சொன்னாக் கோவப்படக் கூடாது. அண்ணன் முதல்ல ஒரு கடி கடிச்சிட்டுத்தான் மிச்சத்தை இவனுக்குக் குடுப்பாவ."

"எதுக்கு?"

"பட்டாளத்துல ஆபீசர் சாப்பாட்டை முதல்ல ஒருத்தன் ருசி பாக்கணும்லா? மேஜர் சாப்பாடுன்னா ருசி பாக்காமக் குடுக்கலாமான்னு கேப்பாவ. தெனமும் இதே கூத்துதான்."

அண்ணாச்சியே ஒரு முட்டையைக் கடித்து நீட்டினார். மேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கத்தியால் ஓரத்தை நறுக்கிவிட்டு, மென்று விழுங்குகிற மாதிரி வாயை அசைத்துக் காட்டினேன். அவன் என் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

"ஏமாத்த முடியாது மதினி. வீட்டாளு கடிக்கணும்னு நெனைக்கான் போல. அம்புட்டு வெவரம்."

அந்த நேரம் பார்த்துத்தானா என் அக்கா வரவேண்டும்? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இறங்கி, பால்கோவாப் பொட்டலத்தோடு நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டாள். பேண்டேஜ் சுற்றிய என் கையில் முட்டை, எதிரே நாய், பக்கத்தில் முட்டை மென்றுகொண்டிருக்கிற அண்ணாச்சி. நிலைமையைச் சொன்னேன்.

"ஏட்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒரு நாய்க்காவ வாயைக் கெடுத்துக்கிடுவியா? அந்த மனுசன் இருக்கும்போதே நீ தொட்டதில்லையேட்டி!"

அவள் திட்டத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்கு வேறு எங்கேயோ போய்க் குத்தியது. மேஜரைப் பார்த்தேன். தலையைத் தூக்கக்கூட அவனிடம் தெம்பில்லை, கண் மட்டும் என் கையில் இருந்தது. விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டேன். உங்கள் டப்பாவிலிருந்து உப்பைத் தொட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கடித்தேன்.

என்னங்க, ஒன்றுமே இல்லையே! கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மாவு மாதிரி. இதற்கா நான் உங்களைக் கொல்லையில் உட்கார வைத்தேன்? ஐப்பசி மழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் முட்டையுமாக நீங்கள் குந்தியிருந்ததை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்குச் சிரித்தேன். நீங்களும் ஏன் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை?

மேஜர் எழுந்து வந்தான். மிச்சத்தை என் உள்ளங்கையிலிருந்து எடுத்துத் தின்றான், கையையும் சுத்தமாக நக்கினான். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பால்கோவாவைப் பிரித்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஏட்டி, எப்படித்தான் இருக்கு?"

இப்போது அவன் தினமும் ஒரு முட்டை தின்கிறான். வெள்ளிக்கிழமை மட்டும் எனக்காக இட்லிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான், அதையும் நான் கடித்துத்தான் கொடுக்கவேண்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளையிலிருந்து அந்தச் சட்டி என் அடுப்படியில், தோசைக்கல்லுக்குப் பக்கத்து அடுப்பில் இருக்கும். அக்கா என்ன சொன்னாலும் சரி. மேஜருக்கும் உள்ளேதான் தட்டு. உங்களிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன், கேட்கிறதா?

உள்ள வந்து சாப்பிடுங்க.

உங்கள் வீட்டுக்காரி