தெருவுக்கு ஒரு வாக்கு

8.6.2025, ஞாயிறு

காலை 10.00 மணிக்கு அறிவித்த நலச்சங்கக் கூட்டம் 10.47க்குத் தொடங்கியது. எங்கள் நகர் மக்களின் வேகத்துக்கு இது சாதனையே.

பதினோரு ஆண்டுகளாக நான் தலைவர், ஒருமுறையும் போட்டியில்லை. இம்முறை மூன்றாம் தெருவில் வாடகைக்கு இருக்கும் பூமிகா தானும் நிற்பதாக எழுந்தாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை. கோரிக்கை ஒன்றே: பஸ் சாலைக்குப் போகும் பின்கேட்டை விடியற்காலை ஐந்துக்குத் திறக்க வேண்டுமாம்.

"ஆறு மணிக்குத் தொறந்தா இன்னா சார் பிரயோஜனம்? கம்பெனி பஸ்ஸு அஞ்சு இருவதுக்கு. பொம்பளைங்க நாங்க இருட்டுல ஏரிக்கரைய சுத்திக்கினு ஓடறோம்."

14.3.2019 அன்று ஒரு பைக் திருடு போனது. மறுநாளே இரவு முழுவதும் பூட்டு என்று விதி செய்தேன். அதன்பின் ஒரு பைக்கும் போகவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் டைம் ஆபீசில் வருகை குறித்தவனுக்கு இவள் மணி பார்க்கக் கற்றுத் தருகிறாள்!

11.6.2025, புதன்

மொத்தம் 165 வாக்குகள். முதல் தெருவில் மட்டும் 81. அத்தனையும் வாடகைக் குடித்தனங்கள்; மற்ற நான்கு தெருவிலும் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்காரர் வாடகைக்காரிக்குத்தானே போடுவார்கள்? தலைக்கு ஒரு வாக்கு என்றால் என் கதை முடிந்தது.

ஓஹியோவிலிருந்து மகன் பீட்டர் பேசினான். சென்ற நவம்பரில்தான் அங்கே முதல்முறை வாக்களித்தான். அன்றிலிருந்து பேராசிரியர் ஆகிவிட்டான். அங்கே நாடு முழுவதும் விழுந்த வாக்கைக் கூட்டி அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லையாம். பெரும்பாலான மாநிலங்களில், ஒருவர் ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றாலும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாநிலப் பிரதிநிதிகள் அனைவரும் அவர் கணக்கில்.

"மொத்தத்துல நெறைய வாங்கனவங்களே தோத்துருக்காங்க நைனா" என்றான்.

எவ்வளவு அழகான ஏற்பாடு!

15.6.2025, ஞாயிறு

புதிய விதி நிறைவேறியது. ஐந்து தெரு, தெருவுக்கு ஒரு வாக்கு. மூன்று தெருவை வென்றவர் தலைவர். அமெரிக்காவில் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதிகளின் எண்ணிக்கை மாறும். அந்தப் பகுதி நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

செயலாளர் சுப்பிரமணி உடனே கை தூக்கினார். "அமெரிக்காகாரனே பண்றான், நமக்கு இன்னா சார்?" பூமிகா மறுக்கவே இல்லை. "எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க சார், போதும்" என்றாள். பாவம், கணக்குத் தெரியாதவள். தேதியிட்டே கொடுத்தேன்.

22.6.2025, ஞாயிறு

சுப்பிரமணி நான்கு சிறு தெருக்களிலும் கருத்துக்கணிப்பு எடுத்தார். வீட்டுக்கு வீடு என் துண்டறிக்கையைக் கொடுத்து, "சாருக்குத்தானே?" என்று கேட்டாராம். நூற்றுக்கு நூறு பேர் "ஆமாம்" என்றார்களாம். இதைவிட விஞ்ஞானபூர்வமாக எப்படிக் கேட்பது?

2.7.2025, புதன்

எதிர்வீட்டு ஏஞ்சல் விடியற்காலை ஏரிக்கரைச் சேற்றில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்தது, பஸ்ஸும் போயிற்று. நொண்டிக்கொண்டே திரும்பியவளுக்கு என் மனைவி கன்னியம்மா காயம் கழுவிக் கட்டுப்போட்டாள். என் வேட்புமனுவுக்குச் சேலை மடிப்பு கலையாமல் உடன் வந்த அதே கன்னியம்மா, நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை.

பதினோரு நாள் இருக்கையில் அனுதாப அலை. எதிரிக்கு நல்ல நேரம்தான்.

— காயம் ஆழம். நானும் பார்த்தேன்.

13.7.2025, ஞாயிறு

வாக்குப்பதிவு 8.00 முதல் 12.00. எண்ணி முடித்தது 12.50.

முதல் தெரு: எனக்கு 58, அவளுக்கு 23. வாடகைக்காரர்கள் எனக்கா! காரணம் பிறகு விளங்கியது. எல்லோரும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள். இரவில் தெருவிலேயே நிறுத்துகிறார்கள். வாடகைக்காரர் என்று வாக்களிக்கவில்லை, பைக்குக்காரர் என்று வாக்களித்திருக்கிறார்கள். ஐந்தாம் தெருவும் என் பக்கம்: எனக்கு 12, அவளுக்கு 9.

இரண்டாம் தெரு: எனக்கு 9, அவளுக்கு 12. மூன்றாம் தெரு: 8, 13. பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள்தான், ஆனால் பஸ் ஏறுவது அவர்கள் மகள்களும் மருமகள்களும். அதைச் சுப்பிரமணியின் விஞ்ஞானம் கேட்க மறந்தது.

நான்காம் தெரு, என் தெரு: எனக்கு 10. அவளுக்கு 11.

மொத்தம் எனக்கு 97, அவளுக்கு 68. தோற்றது நான். உலகில் இவ்வளவு திறமையாகத் தன்னைத் தானே தோற்கடித்தவன் வேறு யாராவது உண்டா?

14.7.2025, திங்கள்

ஒரே ஒரு வாக்கு. என் தெருவில். யார்?

காலை நாஷ்டாவின்போது கன்னியம்மாவை நேராகவே கேட்டேன்.

"ரகசிய ஓட்டுன்னு நீங்கதானே நோட்டீஸ் ஒட்டனீங்க? இன்னாத்துக்கு என்னாண்ட கேக்கறீங்க?" என்று இன்னொரு இட்லி வைத்தாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்: "ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணு கால்ல தையல் போடறப்ப நீங்க வரல. நான்தான் கூட இருந்தேன்."

ஐயோ, நாற்பத்தாறு வருசம் ஒண்ணா இருந்துட்டு — எனக்கேவா!

16.7.2025, புதன்

கோர்ட்டில் மனு போடச் சொல்கிறார் சுப்பிரமணி. "தொண்ணூத்தேழு பெருசா, அறுவத்தெட்டு பெருசா? ஸ்டே வாங்கிடலாம் சார். அதுவரைக்கும் சாவி உங்க கைலதான்."

வலுவான வாதம். புது விதி ஜனநாயக விரோதம் என்று நான்கு பத்திகள் எழுதினேன். எதிர்வாதத்துக்கு அவள் எதைக் காட்டுவாள் என்று யோசித்தேன்: 15.6.2025 தேதியிட்ட என் கையெழுத்தை. கணக்குத் தெரியாதவள்!

பீட்டரைக் கேட்டேன். "இங்க தோத்தவங்க போன் பண்ணி வாழ்த்து சொல்லுவாங்க நைனா. எல்லாரும் இல்ல" என்றான்.

எதிர்வீட்டு ஏஞ்சல் கட்டோடு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். ஸ்டே வந்தால் இன்னும் எத்தனை மாதம் ஏரிக்கரை?

17.7.2025, வியாழன்

மனுவைக் கிழித்தேன். மாலை 5.30க்குப் பூமிகாவிடம் சாவியை ஒப்படைத்து, ரசீது பெற்றேன்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க சார்."

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பணிவுடன் தெரிவித்தேன். சிரித்தாள்.

21.7.2025, திங்கள்

பின்கேட் திறந்தது 4.58க்கு. ஏஞ்சலோடு கன்னியம்மா நடந்தாள். டார்ச் என் கையில் இருந்ததால் நானும் போக வேண்டியதாயிற்று. பதினான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். 5.20 பஸ் வந்தது 5.31க்கு. பதினோரு நிமிடம் தெருவோரத்தில் நிற்க வைப்பதா? கம்பெனிக்குப் புகார் எழுதியாயிற்று. நாளையும் போய் நேரம் குறிக்க வேண்டும். ஒருநாள் பதிவை எவன் மதிப்பான்?